மே 30இல் நடைபவனி வைக்கலாமா? எம்.எஸ். உள்ளவர்களும் வீட்டாரும் கருத்துச் சொல்லுங்கள்

வாவிக்கரைத்தம்பி (மட்டக்களப்பு)

வணக்கம். என் அக்காவுக்கு வயது 29. மூளையையும் நரம்புகளையும் பிடிக்கிற மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்று சென்ற ஆண்டு உறுதியானது. அதற்கு முன் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இப்போதும் அம்மா அதை "எம்மெஸ்" என்று, பக்கத்து வளவுப் பொடியன் ஒருவனைச் சொல்வதுபோலத்தான் சொல்கிறார். "எம்மெஸ் இன்றைக்கு எப்படி, படுத்துகிறானா?" என்று காலையில் கேட்பார். "இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருக்கிறான்" என்பாள் அக்கா.

மே 30 உலக எம்.எஸ். தினம். இம்முறை மட்டக்களப்பில் ஒரு நடைபவனி செய்ய நாங்கள் ஐந்தாறு பேர் யோசித்திருக்கிறோம். காலை 9 மணிக்குக் காந்தி பூங்காவில் தொடங்கிக் கல்லடிப் பாலம் வரை. செம்மஞ்சள் ரீசேட், பதாகைகள். ஒரு பாடசாலையின் பான்ட் வாத்தியக் குழுவிடமும் பேசியாகிவிட்டது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இந்த நோயோடு இருப்பவர்கள் எத்தனை பேர் வருவீர்கள் என்று தெரிந்தால் ரீசேட்டுக்குச் சொல்லிவிடலாம்.

பனிக்காலத்தான் (டொரோண்டோ)

அருமை தம்பி! எனக்குச் சொந்த ஊர் ஆரையம்பதி. என் மனைவிக்கு எம்.எஸ். கனடாவில் இந்த நோயோடு 90,000க்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். உலகத்திலேயே கூடுதலாக உள்ள நாடுகளில் இது ஒன்று. இங்கே மே மாதத்தில் ஊர் ஊராக நடக்கிறார்கள். நானும் மூன்று முறை நடந்தேன். ரீசேட் செலவை என்னிடம் விடுங்கள்.

பாவுநூல் (மருதமுனை)

தம்பி, உங்கள் மனதுக்கு அல்லாஹ் நன்மை தரட்டும். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த ஊர்வலத்தில் நடக்கப்போவது யார்?

எனக்கு 41 வயது. எம்.எஸ். வந்து 12 வருடம். மே கடைசியில் கச்சான் காற்று தொடங்கிவிடும். மலைநாட்டில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்குகிற காற்று. ஒன்பது மணிக்கே தார் றோட்டில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் பத்து நிமிடம் நின்றால் என் இடக்கண்ணில் புகை மூடும். இருபது நிமிடத்தில் வலக்கால் மண்மூட்டை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் கிடந்தால் கண் திரும்பிவிடும்.

இதற்கு ஊட்டொஃப் என்று ஒரு பெயர் உண்டு என்று வைத்தியர் சொன்னார். 1890இல் அந்தப் பெயருள்ள ஜேர்மன் கண் வைத்தியர் ஒருவர் கவனித்து எழுதினாராம். இந்த நோயில் உறை கழன்ற நரம்புக்கு உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே போதும், செய்தி வழியில் நின்றுவிடும். புதிதாக ஒன்றும் பழுதாவதில்லை, சூடு தணிந்தால் சரியாகிவிடும். அது தெரியாத காலத்தில் ஒவ்வொரு வைகாசியிலும் இத்தோடு முடிந்தேன் என்று அழுதிருக்கிறேன்.

நீங்கள் சொல்கிற வழியில் போனால் முன்னால் பான்ட், பின்னால் அம்புலன்ஸ் என்று இரண்டுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

வாவிக்கரைத்தம்பி

ராத்தா, வெட்கமாக இருக்கிறது. கச்சானை நான் நினைக்கவே இல்லை. உங்கள் பதிவை அக்காவிடம் காட்டினேன். "நான் நாற்காலி போட்டுப் பாலத்தில் உட்கார்ந்திருந்து, நீங்கள் நடந்து வந்தால் கையசைத்து வரவேற்பதாகத்தான் இருந்தேன்" என்று சிரிக்கிறாள். ஒரு வார்த்தை முதலில் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னால் என் முகம் வாடிவிடுமாம்.

பனிக்காலத்தான்

உண்மைதான். இங்கே மே மாதக் காலையில் மேற்சட்டை போட்டுக்கொண்டுதான் நடப்போம். அப்படியானால் மாலையில் வைக்கலாமே?

வெண்கட்டி (களுவாஞ்சிகுடி)

மாலையோ காலையோ, முதலில் பதாகையில் என்ன எழுதப்போகிறீர்கள்? நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இதே நோயோடு முப்பது வருடத்துக்குக் கிட்ட ஓட்டிவிட்டேன். தமிழில் இதற்குத் "தண்டுவட மரப்பு நோய்" என்று ஒரு பெயர் புழங்குகிறது. எனக்கு அதோடு பிணக்கு. தண்டுவடம் மட்டுமா அடிபடுகிறது? மூளையும் பார்வை நரம்பும் எங்கே போயின? 1868இல் பாரிஸில் ஷார்கோ என்ற வைத்தியர் இதைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தார். இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே இறுகிக் கிடந்த திட்டுகளைப் பார்த்து வந்த பெயர் இது. ஸ்க்லரோஸ் என்றால் கிரேக்கத்தில் கடினமானது. ஆகவே "பல திட்டு இறுக்கம்" என்பதுதான் பொருளுக்குக் கிட்ட வரும். ஆனால் அதைப் பதாகையில் எழுதினால் சிமெந்துக் கடை விளம்பரம் என்று நினைப்பார்கள்.

"மரப்பு" என்றால் நம் ஊரில் பல் பிடுங்க ஊசி போட்டதுபோல என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். "விறைப்பு" எல்லாருக்கும் தெரியும். ஆனால் என்னை வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது விறைப்பு அல்ல, களைப்பு. அது வேலை செய்த களைப்பு அல்ல. காலையில் தேநீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தவுடன், ஒரு நாள் முழுதும் வயல் கொத்தியவன்போல் வந்து விழும். கரும்பலகையில் நான் எழுதிய வரி வலப்பக்கம் போகப்போகக் கீழே இறங்கும். ஆண்டு ஒன்பது மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், வரி ஏன் வாவிக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறது?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாவுநூல்

பெயரை விடுங்கள் சேர், என்ன நடக்கிறது என்று விளங்கப்படுத்துவதுதான் கடினம். வைத்தியர் மின்சார வயரைக் காட்டி, உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்ரிக் உறை, நம் நரம்பின் உறையை நம் எதிர்ப்புச் சக்தியே பகை என்று நினைத்துத் தின்கிறது என்றார். எனக்கு அது தறியில்தான் விளங்கியது. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்காமல் தறியில் ஏற்றிப் பாருங்கள். நூல் இருக்கும், அறுந்திருக்காது. ஆனால் அச்சு வந்து வந்து உரசுகிற இடத்தில் மயிர் கிளம்பிச் சிக்குப்படும், நாடா ஓடாது. கொஞ்ச நாள் அப்படியே விட்டால் நூலும் அறும். கஞ்சி கழன்ற கட்டம் நம் நோயின் முதல் வருடங்கள். மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வைத்தியர்கள் நச்சரிப்பது நூல் அறுவதற்கு முன் பிடிக்கத்தான்.

எனக்குத் தொடங்கிய விதத்தையும் சொல்கிறேன். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட சாரத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக இடக்கண்ணுக்குள் நோவு. கண்ணை உருட்டினால் பின்னாலிருந்து யாரோ கயிற்றால் இழுப்பதுபோல. தூசு விழுந்திருக்கும் என்று வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். கையிலிருந்த சிவப்பு நூல் செங்கல் நிறம். கையை மாற்றினேன், சிவப்பு. மறுபடி மாற்றினேன், செங்கல். சாயம் போட்டவரோடு சண்டைக்குப் போகவிருந்தேன்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். அந்தக் கண்ணுக்கு மட்டும் இலக்கம் கூட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் கண் தெளிந்தது. கண்ணாடி நல்ல கண்ணாடி என்று நாலு பேருக்கு வேறு சொல்லி அனுப்பினேன்! இரண்டு வருடம் கழித்து, தொழுகையில் ருகூஉவில் குனிந்தபோது கழுத்திலிருந்து முதுகெலும்பு வழியாக மின்சாரம் இறங்கியது. நிமிர்ந்தால் இல்லை, குனிந்தால் மறுபடி. அதன் பிறகுதான் கால்.

வெண்கட்டி

மகள், அந்தக் கண்ணாடிக் கதைதான் இந்த நோயின் முழுக் கதையும். என்னுடையதைக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரண்டு காலும் இடுப்புக்குக் கீழே என்னுடையவை அல்ல என்று ஆகிவிட்டன. மட்டக்களப்பார் ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் நம்மைப் பற்றிச் சொல்லும் பழைய கதை உங்களுக்குத் தெரியும். நானே மட்டக்களப்பான், என்னையே ஒட்டவைத்தால் யாரிடம் போய் முறையிடுவது? வீட்டார் செய்வினை என்றார்கள். அம்மாவின் தம்பி ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார். கழிப்புக் கழித்தார், சேவல் கேட்டார். பெரியம்மா பரிகாரியிடம் எண்ணெய் வாங்கிவந்தார். மனைவி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். ஆறு கிழமையில் எழுந்து நடந்தேன்.

யார் சுகப்படுத்தியது என்று வீட்டில் பெரிய தகராறு. மந்திரவாதி சேவல் என்றார், பெரியம்மா எண்ணெய் என்றார், மனைவி அம்மன் என்றாள். உண்மையில் அது தானாக வந்து தானாகப் போனது. பெரும்பாலோருக்கு இந்த நோய் தொடக்கத்தில் அப்படித்தான் நடமாடும்; கிழமைக் கணக்கில் நின்று ஆளைப் போட்டுவிட்டு, பாதியோ முழுதோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த நேரம் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவருக்குப் புகழ். மறுபடி வந்தபோது சேவலுக்கு வேலை இருக்கவில்லை, ஏனென்றால் இம்முறை முழுதாகத் திரும்பவில்லை. தள்ளாடி நடந்தேன். ஒரு சோதனைச் சாவடியில் பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறேன் என்று நிறுத்தி வாயை ஊதச் சொன்னார்கள். ஊதினேன். மணம் இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பாதை திறந்து, கொழும்பு போய், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பெயர் தெரிந்தபோது 2003.

மூலிகைமைந்தன்

இதற்கெல்லாம் ஊசி மருந்து தேவையே இல்லை உறவுகளே. 48 நாள் எங்கள் மூலிகைப் பத்தியம். நடக்காதவர்கள் நடந்திருக்கிறார்கள். ஆதாரம் உண்டு. தொடர்புக்கு: — (இலக்கம் நீக்கப்பட்டது. இழைப் பொறுப்பாளர்)

வெண்கட்டி

நானும் நடந்தேன் தம்பி, 42 நாளில். உங்களைவிட ஆறு நாள் விரைவாக. ஒரே ஒரு சேவல்தான் செலவு.

இரவுப்பணி (அம்பாறை மாவட்டம்)

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். நான் தாதி உத்தியோகத்தர். ஒருவருடைய நோயை இங்கே வைத்து நிதானிக்க எனக்கு உரிமை இல்லை. பொதுவாகச் சில.

வெண்கட்டி சேர் சொன்னது மருந்துக்கும் பொருந்தும். தாக்கம் வந்ததும் மூன்று முதல் ஐந்து நாள் சேலைனில் ஏற்றுகிற ஸ்டெரொயிட், சுகத்தை விரைவாக்கும். முடிவில் எவ்வளவு திரும்பும் என்பதை அது பெரிதாக மாற்றுவதில்லை. அடுத்த தாக்கத்தைக் குறைப்பது வேறு மருந்து. அதைச் சுகமாக இருக்கும்போதும் எடுக்க வேண்டும். எங்கள் சனங்களிடம் மிகக் கடினம் இதுதான். "இப்போது நல்லாய்த்தானே இருக்கிறேன், ஏன் ஊசி?"

மற்றது, காய்ச்சலும் சலத்தில் கிருமியும் பழைய குறிகளைக் கிளப்பிவிடும். கால் மறுபடி விழுந்துவிட்டது என்று ஓடிவருபவரிடம் நாங்கள் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை கேட்பது அதனால்தான். கோபிக்காதீர்கள்.

மூன்றாவது, இது எம்.எஸ். தானா என்பதே ஒரு கேள்வி. என்.எம்.ஓ. (நியூரோமைலிட்டிஸ் ஒப்டிகா) என்று ஒரு தம்பி நோய் இருக்கிறது. ஆசியரிடத்தில் ஒப்பளவில் கூடுதல். அதுவும் கண்ணையும் தண்டுவடத்தையும்தான் பிடிக்கும், ஆனால் கடுமையாக. சிலருக்கு நாள் கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியுமாகத் தொடங்கும். வயிற்றுக் கோளாறு என்றே அலைவார்கள். அதற்குரிய எதிர்ப்பொருளை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கிற இன்டர்பெரோன் போன்ற சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். ஆகவே ஒருவருடைய மருந்துத் துண்டைப் பார்த்து இன்னொருவர் வாங்காதீர்கள். இந்த இழையிலும் மருந்தளவு எழுதாதீர்கள்.

தொற்றாது. பிள்ளைக்கு நேரே கடத்தும் நோயும் அல்ல. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில்தான். பெண்களுக்கு ஆண்களைப்போல் குறைந்தது இரு மடங்கு. 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குவதுதான் வழக்கம், அதாவது கலியாணப் பேச்சும் வேலையும் பிள்ளையுமாக இருக்கிற வயது.

தம்பிலுவில்மகள்

அந்தக் கடைசி வரிக்காக எழுத வந்தேன். எனக்கு 23 வயதில் தெரியவந்தது. கலியாணம் பேசியபோது சொல்ல வேண்டாம் என்று மாமி தலையால் நின்றார். நான் சொன்னேன். இரண்டு இடம் போயிற்று. மூன்றாவது இடத்து மனிதர், "எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, உங்கள் பக்கம் அதை யாரும் கேட்கவில்லையே" என்றார். அவரைத்தான் கட்டினேன்.

ஒன்றை வெளியூரார் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறவர். வலப்பக்க வேலிக்கு அங்கால் அம்மா, இடப்பக்கம் அக்கா. கால் விழுந்த மாதங்களில் என்னைத் தூக்கி வைத்தது என் தாய்வழிச் சனம். மாமியார் வீட்டில் ஒரு மூலையில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே விருப்பமில்லை. சீதனத்தை நான் ஆதரிக்கிறவள் அல்ல. ஆனால் வீடு என் பெயரில் இருந்தது என்னைக் காப்பாற்றியது.

பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, அதுவும் கடைசி மூன்று மாதம், நோய் இருந்த இடம் தெரியவில்லை. பிள்ளை பிறந்து முதல் மூன்று மாதத்தில்தான் அவதானம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படியே வந்தது. அக்கா பால் கொடுக்கப் பிள்ளையை மார்பில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பாள், என் கை நம்பிக்கையில்லை.

2022 மார்ச் ஞாபகம் இருக்கிறதா, 13 மணி நேர மின்வெட்டு? எனது ஊசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியது. கடன்பட்டுக் கொழும்பில் வாங்கியது. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகிவிட்டது. கணவர் மீன் வியாபாரி ஒருவரிடம் றெஜிபோம் பெட்டி வாங்கிவந்தார். எவ்வளவு கழுவியும் கீரிமீன் மணம் போகவில்லை. ஊசி ஐஸில் நேரே முட்டினால் உறைந்து பழுதாகும் என்பதால் துவாயில் சுற்றி, ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு, அதற்குள் பிள்ளையின் காய்ச்சல்மானியையும் வைத்தோம். அது 32க்குக் கீழே காட்டாது என்று மூன்றாம் நாள்தான் அவருக்கு உறைத்தது!

பனிக்காலத்தான்

தங்கச்சி, என் மனைவி இதை வாசித்துவிட்டு அழுதுகொண்டே சிரிக்கிறாள்.

பெயர்வேண்டாம்

எல்லாரும் வெளிச்சம் போடப் பார்க்கிறீர்கள். நான் இருட்டில் இருப்பவன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. நாலு வருடமாக எம்.எஸ். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கிளினிக் நாளுக்கு "அம்மாவுக்குக் கண்" என்று லீவு எடுக்கிறேன். அடிக்கடி கழிப்பறைக்கு எழும்புவதற்குச் சீனி வருத்தம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சீனி வருத்தம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நடைபவனி, பதாகை, முகநூலில் படம் என்று தொடங்கினால் நம்மைப்போன்றவர்களை ஊர் தேடத் தொடங்கும். 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்று சொல்ல வராதீர்கள். வலுக்குறைவைக் காரணம் காட்டி வேலைக்கு எடுக்காமல் விடக் கூடாது என்று அது சொல்கிறது. வருட முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் காரணம் எழுதியா கொடுக்கப்போகிறார்கள்?

தம்பிலுவில்மகள்

அண்ணா, நீங்கள் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சலப் பிரச்சினையை எழுதினீர்களே, அதற்கு நன்றி. பெண்கள் நாங்கள் அதை ஒருவருக்கொருவர்கூடச் சொல்வதில்லை. கொழும்பு கிளினிக்குக்கு நான் பஸ்ஸில் போகமாட்டேன். மட்டக்களப்புக்கு வந்து உதயதேவி ரயிலில்தான். அதில் கழிப்பறை இருக்கிறது என்ற ஒரே காரணம். முன்பெல்லாம் பயணத்துக்கு முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். அது கிருமியில் போய் முடிந்தது.

பாவுநூல்

பெயர்வேண்டாம் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் நாற்காலியில் இருந்து தொழுவதைப் பார்த்து, "இந்த வயதிலா?" என்று கேட்டவர்கள் உண்டு. முடியாதவருக்கு இருந்தும் படுத்தும் தொழ மார்க்கத்தில் இடம் இருக்கிறது. பொல்லோடு போனால் இரக்கம், பொல்லில்லாமல் போனால் நடிப்பு என்கிறார்கள். காலையில் நடந்தவள் பின்னேரம் ஏன் நடக்கவில்லை என்று விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி அலுத்துவிட்டது. ஊருக்கு எல்லாவற்றையும் விளங்கவைப்பது நம் தலையில் ஏன் விழ வேண்டும்?

சித்தாண்டிப்பொடியன்

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். நான் நோயாளி இல்லை. இந்த இழையை நேற்று இரவு முழுதும் வாசித்தேன். என் தங்கச்சி தையல் கடையில் வேலை. ஐந்து நாளாக ஒரு கண் மங்கல், அசைத்தால் நோகிறது என்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இதுவும் அதுதானா?

இரவுப்பணி

தம்பி, இங்கே யாராலும் சொல்ல முடியாது. பார்வை நரம்பு அழற்சி என்ற ஒன்றாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது எம்.எஸ். ஆகத்தான் முடியும் என்று இல்லை. அமெரிக்காவில் 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்குத்தான் வந்தது. நாளைக் காலையே ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிக் கடைக்கு அல்ல. போகும்போது இரண்டு விடயம் கட்டாயம் சொல்லுங்கள்: அசைத்தால் நோகிறது, நிறம் மங்கித் தெரிகிறதா இல்லையா. முன்பு எப்போதாவது கை கால் விறைத்துத் தானாகப் போயிருந்தால் அதையும்.

வெண்கட்டி

ஒரு கணக்கெடுப்பு. இங்கே இருப்பவர்கள் முதல் குறி வந்தபோது முதலில் போன இடம் எது? நான்: மந்திரவாதி.

பாவுநூல்

கண்ணாடிக் கடை.

தம்பிலுவில்மகள்

எனக்கும் கண்தான். கண்ணாடிக் கடை. "தொலைபேசி பார்க்கிறதைக் குறைக்க வேண்டும் தங்கச்சி" என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள்.

பெயர்வேண்டாம்

முறிவு நெரிவு வைத்தியர். காலுக்கு மூன்று கட்டு.

பனிக்காலத்தான்

மனைவி இங்கே வந்தபிறகுதான். ஆனால் ஊரில் இருந்தபோதே 19 வயதில் ஒரு கண் மங்கிச் சரியாகியதாம், கண்ணாடி போட்டாளாம். இப்போதுதான் சொல்கிறாள்.

வாவிக்கரைத்தம்பி

அக்காவும் கண்ணாடிக் கடைதான். அந்தக் கண்ணாடி இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

நடைபவனியை விட்டுவிட்டோம். பான்ட் பொறுப்பாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அக்கா ஒரு யோசனை சொன்னாள். அரைத்தாள் துண்டு ஒன்று அச்சடித்துக் கண்ணாடிக் கடைகளுக்குக் கொடுப்பது. நோயின் பெயர்கூடப் பெரிதாக வேண்டாம், பார்த்ததும் பயந்துவிடுவார்கள் என்கிறாள். எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"ஒரு கண் மட்டும் சில நாளில் மங்கிவிட்டதா? அசைத்தால் நோகிறதா? அந்தக் கண்ணில் சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறதா? கண்ணாடி போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போங்கள். தானாகச் சரியாகிவிட்டாலும் போங்கள். சரியாகிவிட்டது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்."

சேர், இலக்கணம் பார்த்துச் சொல்லுங்கள்.

வெண்கட்டி

"போங்கள்" இரண்டு முறை வருகிறது. இருக்கட்டும், இரண்டு முறை சொன்னால்தான் போவார்கள். "தானாகச் சரியாகிவிட்டாலும்" என்பதைத் தடித்த எழுத்தில் போடு. மற்றவை கழிந்தாலும் அந்த ஒரு வரி நிற்க வேண்டும்.

தம்பிலுவில்மகள்

மே 30 என்றால் வைகாசி நடு. எங்கள் பக்கமெல்லாம் கண்ணகை அம்மன் குளிர்த்திக் காலம். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டை ஆற்றுகிற சடங்கு. நம் நோய்க்காரருக்குத்தான் வைத்தார்களோ என்று நான் நினைப்பதுண்டு. இரவில் சனம் கூடும், வெயில் இல்லை. தாகசாந்திப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும்போது கூடவே துண்டையும் கொடுக்கலாம். என் கணவரும் அக்காவும் நிற்பார்கள். நான் நாற்காலியில் இருந்து ஊற்றிக் கொடுப்பேன், கை ஒத்துழைத்தால்.

இரவுப்பணி

துண்டின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது? 2023இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கு மூன்று மருந்தைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப். அதைப் பின்பக்கம் போட வேண்டாம், சனத்துக்குக் குழப்பம். தனித்தாளில் அடித்து என்னிடம் தாருங்கள். பட்டியலில் வந்ததும் மறுநாள் நம் மருந்தகத் தட்டில் வந்து உட்காராது. ஆனால் கேட்கப் போகிறவர் கையில் ஒரு காகிதம் இருப்பது நல்லது.

சித்தாண்டிப்பொடியன்

கண் கிளினிக்கில் காட்டினோம். வாட்டில் மறித்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நாள் தருவார்களாம். தங்கச்சி என்னோடு கோபம், முடிக்காத பாவாடை இரண்டு கடையில் கிடக்கிறதாம். நன்றி அக்காமார், சேர்.

பெயர்வேண்டாம்

எனக்கும் நூறு துண்டு அனுப்ப முடியுமா? கொழும்பு, குருநாகல் பக்கம் வேலை விடயமாகப் போகிறேன். தமிழ்க் கடைகளில் வைத்துவிட்டு வருவேன். அனுப்பியவர் பெயர் உறையில் வேண்டாம்.

வாவிக்கரைத்தம்பி

இன்று முதல் கடைக்குப் போனேன். நகரத்தில் ஒரு சின்னக் கடை. ஐயா ஒருவர், அறுபது வயதிருக்கும். விளம்பரம் என்று நினைத்து வேண்டாம் என்றார். வாசித்துப் பாருங்கள் என்றேன். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துண்டைக் கண்ணருகே பிடித்து வாசித்தார். மறுபடி வாசித்தார். "சிவப்பு வெளிறுமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். போன மாரியில் ஒரு பிள்ளை வந்ததாம், கடையில் தொங்குகிற சிவப்பு நாட்காட்டியைக் காட்டி இது ஏன் இப்படி மங்கியிருக்கிறது என்று கேட்டதாம். அவர் பழைய நாட்காட்டி பிள்ளை, வெயில் பட்டது என்று சொல்லிவிட்டாராம்.

பிறகு என்னோடு பேசவில்லை. மேசை லாச்சியை இழுத்துப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை வெளியே எடுத்தார். நாலு புத்தகம். மார்கழியிலிருந்து ஒவ்வொரு அடிக்கட்டையாகப் புரட்டத் தொடங்கினார். நான் வெளிக்கிடும்போது தை மாதத்தில் நின்றார்.

பாவுநூல்

மருதமுனைக்கு ஐம்பது அனுப்புங்கள் தம்பி. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். துண்டின் மூலையில் ஒரு சிவப்பு வட்டம் போடச் சொல்லுங்கள், நல்ல சிவப்பாக. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கட்டும்.